தொழிற்சாலை விற்பனையில் பீங்கான் தட்டு வாங்குவது: முழுமையான வழிகாட்டி

பீங்கான் தொழிற்சாலைகள் சரக்கை ஒதுக்க நடத்தும் விற்பனைக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விலையைப் பார்த்துக் கூடையை நிரப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து அடுக்கும்போதுதான் தட்டு ஆடுவதும், கோப்பையில் மயிரிழை விரிசல் ஓடுவதும் தெரிகிறது.

அங்கே இருக்கும் சரக்கில் பெரும்பகுதி ஏதோ ஒரு குறை உள்ளதுதான், அதனால்தான் விலை குறைவு. குறை இருப்பதில் தவறில்லை. அது அப்படியே நிற்கும் குறையா, நாளாக ஆக வளரும் குறையா என்பதுதான் கேள்வி. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் போகிறது. படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் முந்தைய படியில் பார்த்த விஷயம் தேவைப்படும்.

1. கிளம்பும் முன் அளவெடுங்கள்

நான்கு அளவுகள் வேண்டும்: அலமாரித் தட்டின் ஆழம், இரண்டு தட்டுகளுக்கு இடையிலான உயரம், மைக்ரோவேவின் சுழல்தட்டு விட்டம், டிஷ்வாஷர் இருந்தால் அதன் கீழ்த்தட்டில் நிற்கக்கூடிய உயரம். சாப்பாட்டுத் தட்டு வழக்கமாக 26 முதல் 28 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். 30-ஐத் தாண்டும் தட்டுகளும் வருகின்றன. கடை மேசையில் அவை சாதாரணமாகத் தெரியும், வீட்டு அலமாரிக் கதவு மூடாதபோதுதான் பிரச்சினை.

அடுத்து எண்ணிக்கை. "ஒரு செட்" என்று மனதில் வைத்துப் போகாதீர்கள். தட்டு எத்தனை, ஆழக் கிண்ணம் எத்தனை, கோப்பை எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கிடைப்பது மறுமுறை கிடைக்காது என்பதால் உடைவதற்கான உபரியை அன்றே வாங்கிவிட வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் உள்ள செட்டோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு தட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். புகைப்படம் போதாது. வெள்ளையிலேயே நீலம் கலந்த வெள்ளை, பால் வெள்ளை, மஞ்சள் சாயல் வெள்ளை என்று பல உண்டு, போனில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். உள்ளே நுழையும்போதே வாசலில் காட்டிச் சொல்லிவிடுங்கள், வெளியே வரும்போது வாக்குவாதம் இருக்காது.

2. பையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, சின்ன டார்ச், மரப் பென்சில், பஞ்சு உருண்டை, ஈரத்துணி, மெல்லிய துணிக் கையுறை. பழைய செய்தித்தாளும் உறுதியான அட்டைப் பெட்டிகளும் வண்டியிலேயே இருக்கட்டும். பல விற்பனைகளில் பொட்டலம் கட்டுவது நம் பொறுப்பு.

கையுறை எதற்கு என்று கேட்கலாம். சூளையிலிருந்து வந்து, தரம் பிரித்து ஒதுக்கப்பட்ட சரக்கு அது. விளிம்பில் கூரான சில்லோ, மெருகு எனப்படும் கண்ணாடிப் பூச்சின் துளியோ இருந்தால் கண்ணாடித் துண்டு போலவே வெட்டும். பஞ்சும் பென்சிலும் எதற்கு என்று ஆறாவது படியில் வரும்.

காலணி மூடியதாக இருக்கட்டும். நீளத் துப்பட்டா, தோளில் தொங்கும் பெரிய பை இரண்டும் வேண்டாம். மேசை ஓரத்து அடுக்கைத் தட்டிவிட்டால் பெரும்பாலும் அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

3. என்ன சரக்கு என்று முதலில் கேளுங்கள்

தொழிற்சாலை விற்பனையில் மூன்று வகை கலந்திருக்கும். முதலாவது, இரண்டாம் தரம், கடைக்காரர்கள் சொல்லும் செகண்ட்ஸ். இரண்டாவது, குறையே இல்லாமல் தேவைக்கு மேல் தயாரான உபரி. மூன்றாவது, தயாரிப்பை நிறுத்திவிட்ட டிசைன் அல்லது நிறம்.

உபரிச் சரக்கு என்றால் சோதனையை மேலோட்டமாக முடிக்கலாம். நிறுத்திய டிசைன் என்றால் பொருள் நன்றாக இருந்தாலும் பின்னால் ஒன்றைக்கூடச் சேர்த்து வாங்க முடியாது, எனவே உபரியை இன்னும் கூட்டி எடுக்க வேண்டும். செகண்ட்ஸ் என்றால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தே தீர வேண்டும். எந்த மேசை எது என்று வேலையாளிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மாற்றித் தருவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். பெரும்பாலும் பதில் "இல்லை" என்பதுதான்.

4. முதல் சுற்றில் எதையும் எடுக்காதீர்கள், ஒன்றைத் தவிர

ஒருமுறை முழுதாக நடந்து பாருங்கள். ஒரே டிசைன் இரண்டு மூன்று மேசைகளில் சிதறிக் கிடக்கும். முதல் மேசையிலேயே செட்டை முடிக்க நினைத்தால் சுமாரானதை ஏற்றுக்கொள்ள வேண்டிவரும்.

விதிவிலக்கு மூடி உள்ள பாத்திரங்கள். தேநீர்க் குடுவை, சர்க்கரைக் கிண்ணம், மூடியுள்ள பரிமாறும் பாத்திரம் ஆகியவை கண்ணில் பட்டதும் மூடியும் பாத்திரமுமாகக் கையில் எடுத்துவிடுங்கள். களிமண் உலர்ந்து சூளையில் வெந்து முடிவதற்குள், கலவையைப் பொறுத்து, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கம் துண்டுக்குத் துண்டு இம்மியளவு மாறும். அதனால் ஒரு குடுவையின் மூடி அடுத்ததில் சரியாக உட்காராது. கூட்டம் சேர்ந்ததும் மூடிகள் இடம் மாறிவிடும், அப்புறம் ஜோடி தேடி மாளாது.

மூடியைப் பொருத்தி மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் சிக்கினாலும் கடகடவென்று ஆடினாலும் அது வேறொன்றின் மூடி.

5. தட்டைக் கவிழ்த்துப் படியுங்கள்

புதியவர்கள் மேல்பக்கத்தைப் பார்ப்பார்கள். அனுபவம் உள்ளவர்கள் முதலில் அடியைப் பார்ப்பார்கள். பொருள் எந்த வகை மண், தரம் என்ன, எந்தக் காலத்தது என்ற மூன்றும் அங்கேதான் இருக்கிறது.

மண் வகை. அடிவளையத்தில் மெருகு இல்லாத பகுதியில் ஈரத்துணியால் ஒரு சொட்டு நீர் வையுங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது எர்தன்வேர் எனப்படும் நுண்துளை வகை. அப்படியே நின்றால் நீர் புகாத வகை: போர்சலின், போன் சைனா, அல்லது நன்றாக வெந்த ஸ்டோன்வேர். போர்சலினையும் போன் சைனாவையும் டார்ச் முன் பிடித்தால், மிகத் தடிப்பாக இல்லாவிட்டால், பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும். போன் சைனாவின் வெள்ளையில் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். அதன் கலவையில் ஏறக்குறைய பாதி எலும்புச் சாம்பல். சைவப் பழக்கம் உள்ள வீடுகளுக்காக வாங்குகிறவர்கள் இதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

இதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஒரே குறை நுண்துளை வகையில் ஆபத்தாகவும் போர்சலினில் வெறும் அழகுக் குறையாகவும் இருக்கும். வகை தெரியாமல் குறையை எடைபோட முடியாது.

தர முத்திரை. சில நிறுவனங்கள் தங்கள் முத்திரையின் மேலேயே கோடு கிழித்துத் தரத்தைச் சொல்லும். ஜெர்மனியின் மைசன், குறுக்கு வாள் முத்திரையின் மேல் வெட்டுக்கோடு போட்டு இரண்டாம் தரத்தைக் காட்டுகிறது. டென்மார்க்கின் ராயல் கோபன்ஹேகன், மூன்று அலைக்கோடுகளின் குறுக்கே கீறுகிறது. அடியில் கீறலைப் பார்த்ததும் "அடிபட்டிருக்கிறது" என்று தூக்கி வைப்பவர்கள் உண்டு. அது தொழிற்சாலையே வேண்டுமென்று போட்ட குறி. நெசவில் ஓரக்கரையைப் பார்த்துச் சேலையின் தரம் சொல்வதைப் போல, இந்தக் குறி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடிப்பக்கத்தில் முக்கோணமாக மூன்று சின்னப் புள்ளித் தடங்கள் இருந்தால் அது குறையே இல்லை. அடியும் மெருகு பூசிய தட்டு சூளைப் பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முள்முனைகளின் மேல் நிறுத்திச் சுட்ட தடம் அது. கைக்குக் குத்தாத அளவு தேய்த்திருந்தால் போதும்.

காலம். தயாரிப்பாளரின் வரலாறு வாங்குகிறவருக்கு உதவுவது இங்கேதான். முத்திரையில் நாட்டின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த சுங்கச் சட்டத்துக்குப் பிறகுதான் ஏற்றுமதிப் பொருளில் நாட்டின் பெயர் போடுவது பரவலானது. அதே சட்டத்தால் ஜப்பானியப் பீங்கானில் முதலில் "நிப்பான்" என்றும், 1921-க்குப் பிறகு "ஜப்பான்" என்றும் வந்தது. டிசைனைப் பதிவு செய்ததைக் காட்டும் வைரவடிவ முத்திரை இருக்கும் பிரிட்டிஷ் சரக்கு 1842 முதல் 1883 வரையிலான பதிவு. 1884-இலிருந்து எண் மட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: முத்திரையில் இருக்கும் ஆண்டைத் தயாரித்த ஆண்டு என்று எடுத்துக்கொள்வது. வெட்ஜ்வுட் முத்திரைகளில் 1759 என்று இருக்கும். அது நிறுவனம் தொடங்கிய ஆண்டு. போன வருடம் செய்த தட்டிலும் அது இருக்கலாம்.

ஒரே பெயரில் இரண்டு காலம் இருப்பது இன்னும் பெரிய குழப்பம். அமெரிக்காவின் ஃபியஸ்டா வகையைப் பாருங்கள். ஹோமர் லாஃப்லின் நிறுவனம் 1936-இல் ஃபிரெடெரிக் ஹர்ட்டன் ரீடின் வடிவமைப்பில் இதைக் கொண்டுவந்தது. 1970-களின் தொடக்கத்தில் நிறுத்தி, 1986-இல் மறுபடி தொடங்கியது. பெயரும் வளைய வடிவமும் அதேதான். ஆனால் புதிய காலத்தில் மண் கலவை மாறி நீர் புகாத வகையானது, அளவுகளும் சில மாறின. பழைய சிவப்பு மெருகில் யுரேனிய ஆக்சைடு இருந்தது. அதாவது பெயரை நம்பிப் பழையதையும் புதியதையும் ஒரே அடுக்கில் வைத்துப் பயன்படுத்த முடியாது. நிறுவனம் எப்போது நிறுத்தியது, எப்போது கலவையை மாற்றியது என்ற இரண்டு தேதிகள் மட்டும் தெரிந்திருந்தால் போதும். நிறுவனர் குடும்பக் கதையை வீட்டில் ஓய்வாகப் படித்துக்கொள்ளலாம்.

6. குறையை எடைபோடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. வரிசை: காது, கண், விரல்.

முதலில் காது. தட்டின் நடு அடியை மூன்று விரல் நுனியில் நிறுத்தி, விளிம்பைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். மணி போல் நீண்டு ஒலித்தால் உள்ளே முழுசு. கரகரவென்றோ "டக்" என்று அடங்கியோ வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. உள்ளங்கையில் முழுதாகப் பிடித்துத் தட்டினால் நல்ல தட்டும் மந்தமாகத்தான் ஒலிக்கும், பலர் இதில் ஏமாறுகிறார்கள். நுண்துளை வகை இயல்பாகவே சற்று மந்தம் என்பதால் அதே டிசைனில் நான்கைந்தைத் தட்டி ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கூட்டச் சத்தம் அதிகம் இருந்தால் காதருகே கொண்டுபோய்த் தட்டலாம்.

ஒலி கெட்டதை உடனே வைத்துவிடுங்கள். சூளையில் ஆறும்போது பொருள் சுருங்கும், 573 பாகை செல்சியஸ் அருகே உள்ளிருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும். அவசரமாக ஆற்றினால் அங்கே வெடிப்பு பிறக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பு சூடான உணவு பட்ட ஒருநாளில் தட்டை இரண்டாக்கும். வளரும் குறைகளில் இதுதான் மோசமானது.

அடுத்து கண். தட்டைச் சாய்த்து, வெளிச்சம் மேற்பரப்பில் வழுக்கிப் போகும்படி பிடியுங்கள். நேரே பார்த்தால் தெரியாதது அப்போது தெரியும்.

சிலந்தி வலை போல மெருகில் மெல்லிய கோடுகள் பரவியிருந்தால், மண்ணைவிட மெருகு அதிகமாகச் சுருங்கி இழுபட்டிருக்கிறது என்று பொருள். நுண்துளை வகையில் இதை எடுக்காதீர்கள். கோடுகள் வழியாக நீரும் எண்ணெயும் உள்ளே போய்க் கறையும் வாடையும் தங்கும், ஈரம் ஏறிய மண் மைக்ரோவேவில் கொதிசூடாகும். ஈரத்தால் மண் மெல்ல விரிவதால் வலை நாளுக்கு நாள் கூடவும் செய்யும். நீர் புகாத மண்ணில் அலங்காரத்துக்காகவே வலைக்கோடு விடுவதுண்டு, அது வேறு கதை.

இதற்கு நேர் எதிரான குறை, விளிம்பிலும் கைப்பிடியிலும் மெருகு செதில் செதிலாகப் பெயர்வது. அரிதுதான். ஆனால் பார்த்தால் பேச்சே இல்லை, அந்த முழு அடுக்கையும் விட்டு விலகுங்கள். பெயரும் செதில் கண்ணாடித் துண்டு, அது உணவில் விழும்.

மெருகு ஒதுங்கி மண் தெரியும் திட்டு, ஊசித் துளைகள் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். உணவு படும் பரப்பில் என்றால் வேண்டாம், கறை பிடிக்கும். அடியிலோ வெளிப்புறத்திலோ என்றால் தாராளமாக எடுக்கலாம்.

கரும்புள்ளிகள் பெரும்பாலும் மண்ணிலோ சூளையிலோ இருந்த இரும்புத் துகள். மெருகுக்கு அடியில் உறைந்து கிடக்கும், எந்தக் கெடுதலும் இல்லை. நிறத்தில் லேசான வேறுபாடு, படம் கொஞ்சம் கோணலாக விழுந்தது, கோட்டில் சின்ன விடுபடல் எல்லாமே நிற்கும் குறைகள். என்னைக் கேட்டால் இந்த விற்பனைகளின் உண்மையான லாபம் இவைதான். தொழிற்சாலையின் தரக்காரர் கண்ணுக்குத் தெரிவது சாப்பிட உட்காருகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

படம் மெருகுக்கு மேலேயா கீழேயா என்றும் பாருங்கள். சாய்த்துப் பார்க்கும்போது படத்தின் ஓரம் மேடாகவோ பளபளப்பு மாறியோ தெரிந்தால் மேலே ஒட்டிச் சுட்டது. தினமும் டிஷ்வாஷரில் போட்டால் மங்கும். தங்கக் கோடும் அப்படித்தான், மைக்ரோவேவில் வைத்தால் பொறி வேறு பறக்கும்.

கடைசியாக விரல். வெறும் விரலை ஓட்டாமல் பஞ்சை விளிம்பைச் சுற்றி ஓட்டுங்கள். சில்லு இருந்தால் இழை மாட்டிக்கொள்ளும். மாட்டிய இடத்தைக் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். சில்லின் மேல் மெருகு மூடியிருந்தால் அது சுடுவதற்கு முன்பே பட்ட அடி, இனி பெரிதாகாது. உள்மண் சொரசொரவென்று தெரிந்தால் சுட்ட பிறகு பட்ட அடி, அங்கிருந்து விரிசல் கிளம்பும்.

கோப்பைக்குத் தனியாக ஒரு சோதனை. கைப்பிடி உடலில் சேரும் இரண்டு இடங்களையும் வெளியிலும் உள்ளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மயிரிழைக் கோடு இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடுங்கள். முறிந்தால் கொதிக்கும் திரவத்தோடு மடியில் விழும். சோதிக்கும்போதும் கைப்பிடியில் தூக்காமல் உடலில் பிடித்துத் தூக்குங்கள்.

7. தனியாகத் தேறியதை அடுக்கிப் பாருங்கள்

ஒவ்வொன்றும் தேறினாலும் சேர்ந்தால் தேறாது போகலாம். சமமான மேசையில் தட்டை வைத்து எதிரெதிர் விளிம்புகளை மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் வளைவு உண்டு. பிறகு நடுவில் தொட்டு லேசாகச் சுழற்றிவிடுங்கள். பம்பரம் போலச் சுழன்றால் அடி நடுவில் வீங்கியிருக்கிறது, வெட்டிச் சாப்பிடும்போது தட்டு நகர்ந்துகொண்டே இருக்கும்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே அடுக்காக வைத்துக் கண்மட்டத்தில் பக்கவாட்டில் பாருங்கள். இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு தட்டு மட்டும் தூக்கிக்கொண்டிருந்தால் மேலே இருப்பவற்றின் பாரம் ஒரே புள்ளியில் விழுந்து நாளடைவில் கீழ்த்தட்டு உடையும்.

நிறத்தை விளக்கொளியில் முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் வாசலுக்கோ ஜன்னலுக்கோ கொண்டுபோய்ப் பகலொளியில் பாருங்கள். ஒவ்வொரு சூளை ஏற்றத்துக்கும் சாயல் மாறும். முழுக்கப் பொருந்தவில்லையா, அரைகுறையாக நெருங்கிய இரண்டு சாயல்களைக் கலப்பதைவிட அப்பட்டமாக வேறான இரண்டு நிறங்களை எடுங்கள். முதலாவது தவறு போலத் தெரியும், இரண்டாவது தேர்வு போலத் தெரியும்.

8. பழைய சரக்கு என்றால் ஈயத்தை நினைவில் வையுங்கள்

கிடங்கிலிருந்து எடுத்த பழைய இருப்பு, காட்சிப் பொருள் போன்றவை சில சமயம் விற்பனைக்கு வரும். பழைய மெருகிலும் மேல்வண்ணத்திலும் ஈயம், காட்மியம் இருக்க வாய்ப்பு உண்டு. புளிப்பான, சூடான, நீண்ட நேரம் தங்கும் உணவுதான் அதை அதிகம் இழுக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கசியும் ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பிலும் இதைப் பார்க்கலாம்: தட்டையான பாத்திரத்துக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம், திரவம் தங்கும் கோப்பைக்கும் கூஜாவுக்கும் 0.5 மில்லிகிராம்.

எனவே காலம் உறுதியாகத் தெரியாத, உள்பக்கம் அழுத்தமான வண்ணம் உள்ள கோப்பையையும் கூஜாவையும் குடிக்க வாங்காதீர்கள். சுவரில் மாட்டவோ அலமாரியில் வைக்கவோ வாங்கலாம்.

9. பில் போடும் முன்னும் பெட்டியில் வைக்கும்போதும்

பில் மேசையில் உங்கள் பட்டியலோடு எண்ணிக்கையைச் சரிபாருங்கள். சாசர் விடுபடுவதுதான் வழக்கம். வேலையாள் அடுக்கும்போது ஏதேனும் மோதினால் அந்தத் துண்டை அங்கேயே மறுபடி தட்டிக் கேளுங்கள்.

பெட்டியில் தட்டுகளைப் படுக்க வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, விளிம்பு கீழாக நிற்க வையுங்கள். படுக்க வைத்தால் குழியில் வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் மேல் அடுக்கின் முழுப் பாரமும் அடித்தட்டின் நடுவில் இறங்கும். நிற்க வைத்தால் ஒரு தட்டு இன்னொன்றைச் சுமக்காது. அடியில் கசக்கிய தாள் நான்கு விரற்கடை இருக்கட்டும்.

கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகாதீர்கள். உள்ளே தாள் திணித்து, கைப்பிடியைத் தனியாகச் சுற்றுங்கள். பெட்டியை மூடி லேசாக ஆட்டிப் பாருங்கள், சத்தம் வந்தால் இன்னும் தாள் வேண்டும். பெரிய பெட்டி ஒன்றைவிடச் சின்னப் பெட்டிகள் நான்கு மேல், ஏனென்றால் பாரம் தாங்காமல் கைதவறும் பெட்டிதான் அதிகம் உடைகிறது.

10. வீட்டில் முதல் நாள்

குளிர்ந்த வண்டியிலிருந்து எடுத்ததும் சுடுநீரில் போடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவுங்கள். சூளைத்தூசியும் கிடங்குத் தூசியும் போனபின் இன்னொருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

கோப்பைகளில் வெந்நீர் நிரப்பித் தாளின்மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்திருந்தால் அந்தக் கோப்பையைப் பேனா வைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிவளையம் சொரசொரப்பாக இருந்தால் மேசையையும் கீழே இருக்கும் தட்டையும் கீறும். நுண்மணல் தாளை நனைத்து, ஈரத்தோடு தேய்த்துச் சரிசெய்யலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. அதுவரை தட்டுகளுக்கு நடுவே ஒரு தாளோ துணியோ வைத்து அடுக்குங்கள்.

முத்திரையையும், டிசைன் பெயரும் எண்ணும் இருந்தால் அவற்றையும் படமெடுத்து, வாங்கிய மாதத்தோடு குறித்து வையுங்கள். அடுத்த விற்பனையில் சேர்த்து வாங்கப் போகும்போது ஒரு தட்டோடு இந்தக் குறிப்பையும் எடுத்துப் போக வேண்டியிருக்கும்.